தனிம அட்டவணையை அலமாரியில் அடுக்க: கல்லா, குப்பியா, காயலான் கடையா?

தனிம அட்டவணையைச் சுவரில் படமாக மாட்டினால் போதாது, ஒவ்வொரு கட்டத்துக்கும் கையில் எடுத்துப் பார்க்க ஒரு பொருள் வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் எல்லோரும் ஆரம்பத்திலேயே ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஈயத்துக்கு எதை வைப்பது? குப்பியில் வரும் சுத்தமான ஈயத் துண்டா, கலீனா என்கிற கனிமக் கல்லா, மீன் வலையில் கட்டும் குண்டா? மூன்றிலும் ஈயம் இருக்கிறது. ஆனால் எண்பது கட்டங்களுக்கு இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே போனால், மூன்று வழியும் மூன்று விதமான செலவில் கொண்டுபோய் விடும்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கல் கட்சி. ஆனால் கல் தோற்கிற இடங்களும் கணிசமாக உண்டு, அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

அட்டவணையில் 118 கட்டங்கள் இருந்தாலும் நிரப்பக்கூடியவை அத்தனை இல்லை. ஹைட்ரஜனில் தொடங்கி 83ஆம் எண்ணான பிஸ்மத் வரை வந்து, நடுவில் டெக்னீசியத்தையும் புரோமெத்தியத்தையும் கழித்தால் 81. அதற்கு மேல் கையில் எடுக்கும் அளவுக்குப் பூமியில் கிடைப்பவை தோரியமும் யுரேனியமும்தான். ஆக 83. மீதிக் கட்டங்களுக்குச் சீட்டு எழுதி ஒட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

இந்த 83-ஐ மனதில் வைத்து ஒவ்வொரு வழியிடமும் கேட்க வேண்டியவை இவை:

- எத்தனை கட்டத்தை நேர்மையாக நிரப்பும்?
- வாங்கிய விலைக்கு மேல் என்னென்ன செலவு வரும்?
- நம் ஊர் வெயிலிலும் ஈரக்காற்றிலும் தாங்குமா?
- அசல்தான் என்று நாமே சோதித்துப் பார்க்க முடியுமா?
- உடம்புக்கோ சட்டத்துக்கோ ஆகாதது ஏதாவது உள்ளே இருக்கிறதா?

அழகு, கதை இரண்டையும் பட்டியலில் சேர்க்கவில்லை. அவை ஆளுக்கு ஆள் மாறும்.

## குப்பி: தூய தனிமங்கள்

ஒரு தனிமம் தனியாக எப்படி இருக்கும் என்று காட்டுவது இந்த வழி மட்டும்தான். சீசியத்தின் மங்கலான பொன்னிறத்தையும் அயோடினின் ஊதா ஆவியையும் வேறெங்கும் பார்க்க முடியாது. ஒரே அளவில் அலுமினியத் துண்டு ஒன்று, டங்ஸ்டன் துண்டு ஒன்று எடுத்து இரண்டு கையிலும் வைத்துப் பார்க்கும் மாணவருக்கு அடர்த்தி பற்றித் தனியாகப் பாடம் நடத்த வேண்டாம்.

ஆனால் இந்தக் குப்பிகள் குளிர்நாட்டு அலமாரியை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. காலியம் உருகுவது 29.8 டிகிரியில், சீசியம் 28.5 டிகிரியில். சித்திரை மதியத்தில் ஏசி இல்லாத அறையில் இரண்டும் தண்ணீராக நிற்கும். காலியம் உறையும்போது விரிகிற உலோகம். உருகி உருகி உறைந்தால் கண்ணாடிக் குப்பி ஒரு நாள் விரிசல் விடும். அதைப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் பிழைத்தோம். சீசியத்துக்கு அந்த வசதியும் கிடையாது. காற்று பட்டால் அதுவாகவே தீப்பிடிக்கும், தண்ணீர் பட்டால் வெடிக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம்.

மெதுவாகக் கெடுகிறவை வேறு. லாந்தனம், யூரோப்பியம் போன்றவற்றை ஆர்கான் நிரப்பி உருக்கி மூடிய குழாயில் வைக்காவிட்டால், வாங்கிய பளபளப்பு போய்ச் சாம்பல் பொடிதான் மிஞ்சும். அயோடின் மூடி வழியாக மெல்லக் கசிந்து பக்கத்திலிருக்கும் இரும்பையும் செம்பையும் அரிக்கும். ஸ்டீல் பீரோவில் வைத்தால் பீரோவுக்கும் சேர்த்துத்தான். புளோரினை வாங்குவது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கூரியர் இன்னொரு தொல்லை. சோடியம் முதலிய கார உலோகங்களுக்கும் பாதரசத்துக்கும் விமானத்தில் அபாயப் பொருள் விதிகள் பொருந்தும். சாதுவாகத் தெரியும் காலியத்துக்கும் அதே கதிதான், ஏனென்றால் அது அலுமினியத்தைத் தின்னும். பொருளின் விலையைவிட அனுப்பும் செலவு கூடிப்போவது இதனால்தான்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. தங்கம், செம்பு, சீசியம் போன்ற சிலவற்றை விட்டுவிட்டால் உலோகங்கள் எல்லாமே வெள்ளிச் சாம்பல் நிறத் துண்டுகள்தான். டெர்பியம் என்று எழுதிய குப்பியில் டிஸ்புரோசியம் இருந்தால் வீட்டில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஒட்டிய சீட்டை நம்பித்தான் பணம் கொடுக்கிறோம்.

அக்ரிலிக் கட்டைக்குள் எல்லாத் தனிமத்தையும் துளித்துளியாகப் பதித்துத் தரும் ஆயத்தப் பெட்டியும் இந்த வகையில் சேர்த்திதான். பள்ளி வரவேற்பறைக்குப் பொருத்தமாக இருக்கும். வாங்கிய அன்றே வேலை முடிந்துவிடுவதால் சேகரிப்பவருக்கு அதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

## காயலான் கடை: வீட்டிலும் தெருவிலும் கிடைப்பவை

செலவு மிகக் குறைந்த வழி இது. கொஞ்சம் தேடினால் பாதி அட்டவணையை எட்டிவிடலாம். மின்வேலைக்காரர் சட்டைப் பையில் செருகியிருக்கும் டெஸ்டருக்குள் ஆரஞ்சாக எரிவது நியான். சிவகாசித் தீப்பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில் சிவப்புப் பாஸ்பரஸ். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம் (காரீயம் கலந்த போலிகளும் விற்கின்றன, சமையலுக்கு வாங்குகிறவர்கள் பார்த்து வாங்குங்கள்). 1960-களின் 25 பைசா, 50 பைசா நிக்கல் நாணயங்கள் காந்தத்தில் ஒட்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்தால் நியோடிமியம் காந்தம். சிகரெட் லைட்டரில் பொறி கிளப்பும் சின்னக் கல்லில் சீரியம். கேமரா ஃப்ளாஷில் செனான். வெல்டிங் பட்டறையில் டங்ஸ்டன் கம்பி.

பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கில் ஒளிரும் துணிவலையான மேன்டில் இந்தக் கூட்டத்தில் தனி ரகம். அதில் தோரியம் உண்டு. கேரள, குமரிக் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதை 1909 வாக்கில் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்ததற்குக் காரணமே, இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான். அன்றைக்கு அந்த மணலை உலகம் தேடியது மேன்டிலுக்காக. பயன்படுத்தாத மேன்டிலை உறையோடு அப்படியே வையுங்கள். எரித்ததன் சாம்பலை மூச்சில் இழுக்கக் கூடாது.

இந்த வழியில் குறை என்னவென்றால், எதுவும் தனியாக இருக்காது. நியோடிமியம் காந்தத்தில் எடைக்கு அதிகம் இரும்புதான். 916 நகையிலேயே எட்டு சதவீதத்துக்கு மேல் செம்பும் வெள்ளியும் கலந்திருக்கிறது. தனிமம் உள்ளே இருக்கிறது என்று நமக்குத் தெரியும், பார்க்கிறவருக்குத் தெரிவது ஒரு லைட்டர்தான். அப்புறம் பிரித்து எடுக்கும் ஆசை வரும். சிஎஃப்எல் பல்பை உடைத்தால் பாதரசம் வெளியே வரும். மைக்ரோவேவ் அவனின் மேக்னட்ரானில் சில சமயம் பெரிலியம் ஆக்சைடு பீங்கான் இருக்கும், அது உடைந்த தூசி நுரையீரலுக்கு ஆகாது. நிக்கல்-காட்மியம் பேட்டரியையும் திறக்காதீர்கள். பிரிக்காமல் வைத்தால் காட்சிக்குப் போதும்.

## கல்: கனிமங்கள்

தனிமம் மண்ணிலிருந்து எப்படி வந்தது என்பதைக் காட்டுவது கல். அட்டவணையின் பாதிக் கட்டங்கள் கல்லை உடைத்துத்தான் நிரம்பின. ஸ்வீடனில் இட்டர்பி என்ற ஒரே கிராமத்துக் கல்குவாரியின் பெயரால் இட்ரியம், டெர்பியம், எர்பியம், இட்டெர்பியம் என்று நான்கு தனிமங்கள் இருக்கின்றன. எனக்குப் பிடித்த கதை பொலூசைட்டுடையது. 1846-ல் பிளாட்னர் என்ற வேதியியலர் எல்பா தீவிலிருந்து வந்த அந்தக் கல்லைப் பகுத்துப் பார்த்தார். என்ன கூட்டியும் நூறு வரவில்லை, ஏறக்குறைய ஏழு சதவீதம் காணவில்லை. சீசியம் 1860-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு 1864-ல் பிசானி என்பவர் கணக்கைச் சரி செய்தார். பிளாட்னர் பொட்டாசியம் என்று எண்ணிக் கணக்குப் போட்டது, அதைவிடப் பல மடங்கு கனமான சீசியத்தை.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தோரியானைட் என்ற கனிமம் 1904-ல் இலங்கையில் கண்டெடுக்கப்பட்டது. எடுத்தவர் ஆனந்த குமாரசுவாமி. பின்னாளில் கலை வரலாற்றால் உலகப் புகழ் பெற்ற அதே குமாரசுவாமிதான், அப்போது அங்கே கனிம ஆய்வை நடத்திக்கொண்டிருந்தார்.

### முதலில் ஒரு விதி வேண்டும்

கல் வழியில் போகிறவர் வாங்கத் தொடங்கும் முன் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒரு கல் ஒரு தனிமத்தின் கட்டத்தில் உட்கார அந்தத் தனிமம் அதில் எவ்வளவு இருக்க வேண்டும்?

கண்டிப்பான விதி: கனிமத்தின் வேதி வாய்பாட்டிலேயே அந்தத் தனிமம் இருக்க வேண்டும். கலீனாவில் எடைக்கு 86 சதவீதத்துக்கு மேல் ஈயம், பிரச்சினை இல்லை. ஆனால் இந்த விதியில் ஹாஃப்னியம், ரூபீடியம், காலியம், ரீனியம் எல்லாம் பகையாளிகள். இவற்றுக்கான தனிக் கனிமங்கள் அரிதானவை, கிடைத்தாலும் பெரும்பாலும் மணலளவுத் துகள். அதற்கு நுண்ணோக்கி வாங்க வேண்டும், இது கண்ணுக்குத் தெரியாத முதல் செலவு.

தளர்ந்த விதி: கலந்திருந்தால் போதும். சிர்கான் கல்லில் எப்போதும் சிறிது ஹாஃப்னியம் இருக்கும், 1923-ல் ஹாஃப்னியம் கண்டுபிடிக்கப்பட்டதே சிர்கானில்தான். லெபிடோலைட்டில் ரூபீடியம். ஸ்பேலரைட் என்ற துத்தநாகக் கல்லில் காட்மியம், இண்டியம், காலியம். மாலிப்டினைட்டில் ரீனியம். யுரேனியக் கல்லில் ஹீலியம் கூட உண்டு, வேதியியலர் ராம்சே 1895-ல் பூமியில் ஹீலியத்தைப் பிடித்தது கிளீவைட் என்ற அப்படிப்பட்ட கல்லிலிருந்துதான்.

நான் தளர்ந்த விதிக்குத்தான் வாக்களிப்பேன். ஒரே நிபந்தனை, சீட்டில் "முதன்மை" அல்லது "சுவடு" என்று நேர்மையாக எழுதி வைக்க வேண்டும். விதியே இல்லாமல் வாங்குகிறவர்கள்தான் ஒரே கட்டத்துக்கு மூன்று முறை செலவழிக்கிறார்கள்.

### பக்கத்தில் கிடைப்பவை

சேலத்து மக்னசைட் மக்னீசியத்துக்கு. கஞ்சமலை மேக்னடைட் இரும்புக்கு. சிவகங்கை கிராஃபைட் கார்பனுக்கு, இன்னும் சுத்தமானது வேண்டுமென்றால் இலங்கைக் கிராஃபைட். காங்கேயம் அருகே படியூர் அக்வாமரின் பெரிலியத்துக்கு, பட்டை தீட்டாத கலங்கல் துண்டு போதும். சேர்வராயன் மலைப் பாக்சைட் அலுமினியத்துக்கு. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் குரோமைட் உண்டு. அதே ஊர்ப் பாறையைப் பொடித்துத்தான் இஸ்ரோ சந்திரயான் சோதனைக்கு நிலவு மண் மாதிரி செய்தது. வெளியே போனால் ஆந்திரத்தில் மங்கம்பேட்டை பேரைட், குஜராத்தில் அம்பாதுங்கர் புளோரைட், புனே அருகே வாகோலிக் குவாரியின் நீலக் கேவன்சைட். இந்தக் கடைசிக் கல் வனேடியத்துக்கு, உலகத்துச் சேகரிப்பாளர்கள் எல்லோரும் தேடுவது.

வேலை நடக்கும் குவாரிக்குள் அனுமதி இல்லாமல் போகக் கூடாது, காப்புக்காட்டில் சுத்தியல் எடுக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

### நாட்டு மருந்துக் கடை

இது பலருக்குத் தோன்றாத இடம். இந்துப்பு (சோடியம், குளோரின்), அப்பிரகம் (பொட்டாசியம்), வெண்காரம் (போரான்), கந்தகம், அஞ்சனக்கல் என்று ஒரே கடையில் ஒரு வரிசையே தேறும். தாளகமும் மனோசிலையும் ஆர்சனிக் கனிமங்கள். நஞ்சு, தொட்டால் கையைக் கழுவ வேண்டும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கடையில் லிங்கம் என்று விற்கும் சிவப்புச் சரக்கு பெரும்பாலும் பாதரசமும் கந்தகமும் சேர்த்துச் செய்தது, பூமியிலிருந்து வந்த சின்னபார் என்ற பாதரசக் கனிமம் இல்லை. கந்தகமும் ஆலைச் சரக்காகவே இருக்கும். அஞ்சனக்கல் ஆண்டிமனிக் கனிமமான ஸ்டிப்னைட்டாக இருக்க வேண்டும், ஆனால் அந்தப் பெயரில் கலீனாவும் விற்கிறது. இரண்டும் சாம்பல் நிறத்தில் பளபளக்கும்.

பிரித்துப் பார்க்க நகை எடை போடும் சின்னத் தராசு போதும். கல்லை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் வைத்துத் தராசில் ஏற்றி, எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டு வாருங்கள். கல்லை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்க அமிழும்படி தொங்க விடுங்கள். அடியிலும் பக்கத்திலும் இடிக்கக் கூடாது. இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி. 45 கிராம் கல்லுக்குத் தராசு 6 காட்டினால் 7.5, அது கலீனா. 10-ஐ நெருங்கினால் 4.6 பக்கம், ஸ்டிப்னைட். கல்லில் வேறு பாறை ஒட்டியிருந்தால் எண் குறையும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டெர்பியம் குப்பியை இப்படி யாரும் வீட்டில் சோதித்துவிட முடியாது. அடர்த்தி, கீறல் நிறம், கடினம், உடையும் விதம் என்று நாலைந்து சோதனைகளைக் கல் நம்மிடமே விட்டுவிடுகிறது. நான் கல் கட்சியில் இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

### கல்லின் மறைமுகச் செலவு

கல் என்றால் கெடாது என்று நினைக்காதீர்கள். இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் கடலோர ஈரக்காற்றில் மெல்லப் பொடிந்து கந்தக அமிலம் விடும். முதலில் கீழே இருக்கும் சீட்டு பழுப்பாகிக் கருகும், அப்புறம் அட்டைப் பெட்டி. உப்புக் கல் மழைக்காலத்தில் கசியும். மனோசிலை வெளிச்சத்தில் மஞ்சள் பொடியாக மாறிவிடும். ஆக, இறுக மூடும் டப்பா, சிலிக்கா ஜெல், இருட்டு அலமாரி எல்லாம் செலவில் சேரும்.

விலை விஷயத்தில் ஒரு சூட்சுமம்: கல் வியாபாரி படிகத்தின் அழகுக்கு விலை வைக்கிறார், உள்ளே இருக்கும் தனிமத்துக்கு இல்லை. ஊசி ஊசியாக நிற்கும் ஸ்டிப்னைட் கொத்தின் விலைக்குப் பல தனிமங்களின் தாதுத் துண்டுகளை வாங்கிவிடலாம். "தாதுத் துண்டு போதும்" என்று கேட்டு வாங்குங்கள். வானவில் நிறப் பிஸ்மத் படிகம், பளிச்சென்ற நீலத் துருசுப் படிகம் இரண்டும் பெரும்பாலும் மனிதர் வளர்த்தவை. முதலாவதைத் தூய தனிமம் என்று வைத்துக்கொள்ளலாம், கனிமம் என்று விற்றால் வாங்காதீர்கள்.

சட்டத்தில் கவனிக்க வேண்டியது மோனசைட்டும் யுரேனியத் தாதுக்களும். அணுசக்திச் சட்டத்தின் கீழ் வருகிற இவற்றை உரிமம் இல்லாமல் வைத்திருக்க முடியாது. மணவாளக்குறிச்சிக் கருமணலைப் பாட்டிலில் அள்ளி வரும் ஆசையை விட்டுவிடுங்கள், அதில் மோனசைட் கலந்திருக்கும்.

கல் தோற்கும் இடங்கள்: நியான், கிரிப்டான், செனான் மூன்றுக்கும் கல் கிடையாது. லாந்தனம், நியோடிமியம், டெர்பியம் போன்ற அரிய மண் தனிமங்களுக்கு ஒவ்வொன்றாகக் கல் வைத்தால் பதினைந்து கட்டத்திலும் ஒரே மாதிரிப் பழுப்புக் கல்தான் இருக்கும். ரோடியம், ஆஸ்மியம் கனிமங்கள் தூசியளவு. புளோரினில் மட்டும் கல் ஒரு விந்தை காட்டுகிறது. ஜெர்மனியின் வோல்சென்டார்ஃப் கரும் புளோரைட்டை நசுக்கினால் வரும் நெடி, உள்ளே சிறைப்பட்ட புளோரின் வாயுவால் என்று 2012-ல் உறுதியானது. எந்தக் குப்பிக் கடையும் தராத தனிமம் அது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | குப்பி | காயலான் கடை | கல் |
|---|---|---|---|
| நிரம்பும் கட்டங்கள் | ஏறக்குறைய எல்லாம், புளோரின் நீங்கலாக | பாதி | கண்டிப்பான விதியில் பெரும்பகுதி, தளர்ந்த விதியில் இன்னும் அதிகம் |
| ஆரம்பச் செலவு | அதிகம் | மிகக் குறைவு | நடுத்தரம், தாதுத் துண்டு என்றால் குறைவு |
| மறைமுகச் செலவு | கூரியர், ஆர்கான் குழாய், மாற்றுக் குப்பி | நேரம், பிரிக்கும்போது ஆபத்து | டப்பா, ஈர உறிஞ்சி, நுண்ணோக்கி |
| வெயிலும் ஈரமும் | காலியம், சீசியம், அயோடின் சிக்கல் | பெரும்பாலும் தாங்கும் | பைரைட், உப்பு, மனோசிலை சிக்கல் |
| நாமே சோதிப்பது | கடினம் | பொருளே சாட்சி | முடியும் |
| எச்சரிக்கை | கார உலோகம், பாதரசம், புரோமின் | சிஎஃப்எல், பேட்டரி, மேக்னட்ரான் | ஆர்சனிக், கதிரியக்கக் கற்கள் |

## யாருக்கு எது

வகுப்பறைக்கு என்றால் காயலான் கடையில் தொடங்குங்கள். பிள்ளைகளே ஆளுக்கு ஒரு பொருளோடு வந்துவிடுவார்கள். கூடவே அலுமினியம், டங்ஸ்டன், செம்பு, பிஸ்மத் என்று சாதுவான தூய உலோகங்கள் நாலைந்து வாங்கி வைத்தால் பாடத்துக்குப் போதும்.

வேதியியல் பண்புகளைக் காட்டுவதுதான் நோக்கம், பூட்டிய அறையும் ஏசியும் இருக்கிறது, கல்லூரி பணம் தருகிறது என்றால் குப்பி. அப்போதும் புரோமினை விட்டுவிடலாம்.

தனி ஆளாக, வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க நினைப்பவருக்குக் கல்தான். தளர்ந்த விதி, தாதுத் துண்டு, தராசு. மந்த வாயுக்களுக்கும் சீரியம், நியோடிமியத்துக்கும் கௌரவம் பார்க்காமல் டெஸ்டரையும் லைட்டரையும் காந்தத்தையும் நடுவில் வையுங்கள். வாங்கும் முன் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நிலவியல் பகுதியை ஒரு நடை பார்த்துவிட்டு வந்தால், ஸ்பேலரைட் எப்படி இருக்கும், கலீனா எப்படி இருக்கும் என்று கண் பழகிவிடும்.

கடலோரத்தில் குடியிருப்பவர்கள் கல்லைத் தேர்ந்தெடுத்தாலும் பைரைட்டை மட்டும் கடைசிக்குத் தள்ளுங்கள். இரும்புக்குக் கஞ்சமலைக் கல், கந்தகத்துக்கு ஜிப்சம். இரண்டும் விலை மலிவு, உப்புக்காற்றுக்கும் அசையாது.